தொண்டியார் தேடிய ஓய்வு
குணங்குடி மஸ்தான் சாகிபு (ரஹ்) அவர்களின் வாழ்வு தரும் படிப்பினை

வடசென்னைக்குச் செல்லும் பேருந்துகளின் நெற்றியில் தண்டையார்பேட்டை என்ற பெயரை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். கண்டக்டரிடம் சில்லறையை நீட்டி அந்தப் பெயரைச் சொல்லிச் சீட்டு வாங்குகிறோம். அது யாருடைய பெயர் என்று சிந்திப்பவர் நம்மில் எத்தனை பேர்? தொண்டியார் பேட்டை என்பதே மக்கள் வாயில் மருவித் தண்டையார்பேட்டை ஆயிற்று என்று வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. தொண்டியிலிருந்து வந்தவர் ஆதலால் தொண்டியார். அவர்கள்தாம் குணங்குடி மஸ்தான் சாகிபு வலியுல்லாஹ் (ரஹ்) அவர்கள்.

தமக்கென்று ஒரு குடிசை கூடக் கட்டிக்கொள்ளாத ஒருவரின் பெயரை ஒரு பேட்டையே சுமந்து நிற்கிறது. பெயரை நாடி ஓடுகிறவர்களின் பெயர்கள் கல்வெட்டிலிருந்து கூட உதிர்ந்து போகின்றன. பெயரை விட்டு ஓடியவரின் பெயரோ மக்கள் நாவில் தங்கி விட்டது. ஆயினும் அவர்களுடைய புகழைப் பாடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. புகழையும் பொருளையும் விலக்கி அவர்கள் எதைத் தேடினார்கள், அதைத் தேடும் வாய்ப்பு உழைத்து ஓய்வு பெற்ற நம்மைப் போன்ற எளியவர்களுக்கும் உண்டா என்பதை ஆராய்வதே நமது நோக்கம்.

பிறப்பும் கல்வியும்

இராமநாதபுரம் சீமையில் தொண்டி ஒரு பழைய துறைமுகப் பட்டினம். அதற்கு அருகிலுள்ள சிற்றூர் குணங்குடி. அவ்வூரில் 1792 ஆம் ஆண்டில் அவர்கள் பிறந்தார்கள். பெற்றோர் இட்ட பெயர் சுல்தான் அப்துல் காதிர். பக்தாதில் அடங்கியிருக்கும் கௌதுல் அஃலம் முஹியித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டுவது நம் கடற்கரை ஊர்களில் வழக்கம். இந்தப் பிள்ளையோ பெயரோடு நின்று விடாமல், வளர்ந்த பின் அப்பெருந்தகையின் காதிரிய்யா தரீக்காவிலேயே சேர்ந்து, அவர்களைப் போற்றி முகியித்தீன் சதகத்தையும் பாடினார்கள்.

மார்க்கக் கல்விக்காக அவர்கள் கீழக்கரைக்குச் சென்றார்கள். கீழக்கரை அந்நாளில் அறிவும் வணிகமும் ஒன்றாகத் தழைத்திருந்த ஊர். தைக்கா சாகிபு என்று மக்கள் போற்றிய ஷைகு அப்துல் காதிர் ஆலிம் அவர்களிடம் அவர்கள் கல்வி பயின்றார்கள். அரபும் தமிழும் கைவந்தன. மார்க்கச் சட்டங்களைக் கற்ற அதே நாவில் தமிழ்ச் செய்யுளும் ஊறியது.

அந்த வயதில் அவர்கள் முன் இருந்த வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். நல்ல குடும்பம், ஆலிம் என்ற மதிப்பு, கவி பாடும் ஆற்றல், மணம் முடிக்கக் காத்திருந்த தாய்மாமன் மகள். ஊரில் ஒருவன் பெரிய மனிதனாவதற்கு இவற்றுக்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் 17 வயதளவில் அத்திருமணத்துக்கு இசையாமல் வீட்டைத் துறந்து அவர்கள் வெளியேறி விட்டார்கள்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இஸ்லாத்தில் துறவறம் இல்லை. நிகாஹ் நம் நாயகம் (ஸல்) அவர்களின் சுன்னத்து. ஓயாமல் நோன்பு நோற்கவும், இரவெல்லாம் உறங்காமல் தொழவும், மணம் செய்யாமலே இருக்கவும் உறுதி பூண்ட தோழர்களை அண்ணல் அவர்கள் தடுத்துத் திருத்திய செய்தி ஹதீது நூல்களில் இருக்கிறது. ஆகவே மஸ்தான் சாகிபு அவர்கள் வீட்டை விட்டதைப் பார்த்து, நாமும் பெண்டு பிள்ளைகளை விட்டுவிட்டுக் காட்டுக்குப் போகலாம் என்று ஒருவரும் எண்ணிவிடக் கூடாது. இறைகாதலில் தம்மை மறந்தவர்களின் நிலை வேறு. குடும்பப் பொறுப்பைத் தலையில் ஏற்றுக்கொண்ட நம் நிலை வேறு. அவர்கள் எப்படி விட்டார்கள் என்பதை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. எதை விட்டார்கள், எதற்காக விட்டார்கள் என்பதையே பார்க்க வேண்டும்.

கல்வத் என்னும் தனிமை

1813 ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியில் மௌலவி ஷாம் சாகிபு அவர்களிடம் அவர்கள் பைஅத்துப் பெற்றார்கள். அதன் பிறகு மதுரைக்கு அருகே திருப்பரங்குன்றத்தில் உள்ள சிக்கந்தர் மலைக்குச் சென்று 40 நாட்கள் கல்வத் இருந்தார்கள். பின்னர் அறந்தாங்கிக்கு அடுத்த கலகம் என்னும் ஊரில் 6 மாதம் தங்கினார்கள். அதன் பின் காடும் மலையுமாகப் பல ஆண்டுகள் திரிந்தார்கள்.

கல்வத் என்பது என்ன? ஆட்களிடமிருந்து ஒளிந்துகொள்வது அன்று. ஊராரின் பார்வையில் நாம் எப்படித் தெரிகிறோம் என்ற கவலையிலிருந்து உள்ளத்தை விடுவித்து, அல்லாஹ்வின் பார்வையில் நாம் எப்படி இருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளும் காலமே கல்வத். மூஸா (அலை) அவர்கள் 40 இரவுகள் தனித்திருந்ததைத் திருக்குர்ஆன் எடுத்துரைக்கிறது. நம் பெருமானார் (ஸல்) அவர்கள் நபிப்பட்டம் பெறுமுன் ஹிரா குகையில் தனித்திருந்தார்கள். மதீனாவில் ஆண்டுதோறும் ரமலானின் கடைசிப் பத்து நாட்கள் பள்ளியில் இஃதிகாஃப் இருந்தார்கள். வாழ்வின் இறுதி ஆண்டில் அதனை 20 நாட்களாக்கினார்கள். குகையில் இருந்தவர்கள் மக்களிடம் இறங்கி வந்தார்கள். இஃதிகாஃப் இருந்தவர்கள் பெருநாளன்று குடும்பத்தாரோடு மகிழ்ந்தார்கள். தனிமை என்பது மனிதரைத் திருத்தி மீண்டும் மனிதரிடம் அனுப்பி வைப்பதற்காக ஏற்பட்டது. நிரந்தரமாகக் கதவை அடைத்துக்கொள்வதற்காக அன்று.

மஸ்தான் சாகிபு அவர்களும் மலையிலேயே இருந்துவிடவில்லை. கடைசியில் ஜனங்கள் நெருங்கி வாழ்ந்த சென்னப்பட்டணத்துக்கே வந்து சேர்ந்தார்கள்.

சென்னைக்கு வந்த ஃபகீர்

அன்றைய சென்னை எப்படி இருந்தது? இன்றுள்ள துறைமுகம் அப்போது இல்லை. கப்பல்கள் கரைக்கு வர இயலாமல் கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். மசூலாப் படகுகள் அலைகளைக் கிழித்துச் சென்று ஆட்களையும் சரக்கையும் கரை சேர்க்கும். கோட்டையில் கும்பினியார் ஆட்சி. கோட்டைக்கு வடக்கே வணிகர்களின் கறுப்பர் பட்டணம். அதற்கும் வடக்கே இராயபுரம் பக்கம் மணல்வெளியும் தோப்பும் முட்புதருமாகக் கிடந்தன.

கோட்டைக்குத் தெற்கே சேப்பாக்கத்தில் ஆற்காட்டு நவாபுகளின் அரண்மனை இருந்தது. 1801 ஆம் ஆண்டிலேயே கர்நாடகத்தின் ஆட்சியைக் கும்பினியார் தம் கைக்கு மாற்றிக்கொண்டார்கள். நவாபுகளுக்கு மிஞ்சியவை பட்டமும் மானியமும்தாம். அப்படியிருந்தும் ஆலிம்களையும் புலவர்களையும் அவர்கள் ஆதரித்தார்கள். திருவல்லிக்கேணியில் 1795 ஆம் ஆண்டில் எழும்பிய வாலாஜா பள்ளிவாசல் இன்றும் அவர்களுடைய கொடைக்குச் சாட்சி. அரபும் தமிழும் அறிந்த ஒரு கவிஞர் அந்நாளில் சென்னைக்கு வந்தால் தெற்கே திரும்பியிருக்க வேண்டும். புலவர்கள் வள்ளல்களை அண்டி வாழ்வது அன்றைய வழக்கம். அதில் இழிவும் இல்லை. உமறுப் புலவர் அவர்களுக்கும் கீழக்கரை வள்ளல் சீதக்காதி அவர்களின் துணை இருந்தது.

குணங்குடியாரோ வடக்கே திரும்பினார்கள். இராயபுரத்துப் புதர்க்காட்டில் போய் அமர்ந்தார்கள். பின்னர் அந்நிலத்துக்குரிய பாவா லெப்பை என்பவர் அவர்களின் மேன்மையை உணர்ந்து அவ்விடத்திலேயே ஒரு தைக்கா அமைத்துக் கொடுத்தார் என்று அவர்களுடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர். இரவலாகக் கிடைத்த அந்த இடமே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

1855 ஆம் ஆண்டில் கடைசி நவாபு மறைந்ததும் கும்பினியார் நவாபுப் பட்டத்தையே எடுத்துவிட்டார்கள். சேப்பாக்கம் அரண்மனையும் அரசாங்கத்தின் கைக்குப் போயிற்று. பட்டம் பிறர் கொடுப்பது. கொடுத்தவர் நினைத்தால் திரும்ப வாங்கிக்கொள்வார். புதர்க்காட்டு ஃபகீரிடம் திரும்ப வாங்கிக்கொள்ள எதுவும் இருக்கவில்லை. இதைச் சொல்வது நவாபுகளைக் குறைத்துப் பேசுவதற்காக அன்று. பிறர் கையில் உள்ளதைத் தன் உடைமையென்று நம்பும் மனிதனின் நிலையை எடுத்துக் காட்டுவதற்காகவே.

புகழ் துரத்தி வந்தது

மஸ்த் என்ற பார்சிச் சொல்லுக்குப் போதையுண்டவன் என்று பொருள். இறைகாதலில் தம்மை மறந்து திரிந்த இவர்களை மக்கள் மஸ்தான் என்று அழைக்கலானார்கள். பெற்றோர் வைத்த சுல்தான் என்ற பெயருக்கு அரசர் என்று பொருள். ஊரார் வைத்த மஸ்தான் என்ற பெயரோ பித்தர் என்ற தொனியில் வந்தது. வரலாற்றில் நிலைத்ததோ இரண்டாவது பெயர்தான்.

பித்தர் என்று ஒதுக்கியவர்களே பின்னர் தேடி வந்தார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்லர், இந்துச் சகோதரர்களும் வந்தார்கள். மகாவித்துவான் ஐயாசாமி முதலியார் குணங்குடிநாதர் பதிற்றுப்பத்தந்தாதி பாடினார். திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் நான்மணிமாலை பாடினார். அந்நாளில் சென்னையில் தமிழ் ஏடுகளை ஆராய்ந்து பதிப்பித்த பெரும் புலவர்களுள் ஒருவர் அவர். அப்படிப்பட்டவர் தைக்காவில் இருந்த ஒரு ஃபகீரைப் பாட்டுடைத் தலைவராக்கிப் பாடினார் என்றால், அந்த ஃபகீரிடம் அவர் கேட்டதும் கண்டதும் எதுவாக இருக்கும்? பொன்னும் பட்டாடையும் அங்கே கிடையாது.

மஸ்தான் சாகிபு அவர்கள் பாடியவை ஏராளம். அகத்தீசன் சதகம், ஆனந்தக் களிப்பு, பராபரக்கண்ணி, நிராமயக்கண்ணி, றகுமான்கண்ணி, மனோன்மணிக்கண்ணி என்று வரிசையாகச் சொல்லலாம். கண்ணி என்பது இரண்டிரண்டு அடிகளாக வரும் எளிய பாட்டு. எழுத்தறியாதவரும் கேட்டால் மனத்தில் தங்கும். சித்தர்களின் பரிபாஷையும் சூஃபிகளின் குறிப்பும் அவற்றில் கலந்து கிடப்பதால், வெளிப்பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு கொள்கை முடிவு கட்டுவது தவறாகும். அறிந்த ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவதே நல்லது. ஆனால் தன் மனத்தையே எதிரில் நிறுத்திக் கண்டித்து, இறைவனிடம் ஏழையாக நின்று கெஞ்சும் அந்தக் குரல் எவருக்கும் விளங்கும். அவர்கள் அப்பாடல்களை விற்கவில்லை. அவர்கள் மறைந்த பிறகு அன்பர்களே அவற்றைத் தொகுத்து அச்சேற்றினார்கள்.

புகழ் வருவது பாவமன்று. புகழுக்காகச் செய்வதுதான் ரியா என்னும் முகத்துதி. ஆட்டு மந்தையில் புகுந்த இரு பசித்த ஓநாய்கள் செய்யும் நாசத்தை விட, பொருளாசையும் பெருமையாசையும் ஒருவனுடைய தீனுக்கு அதிக நாசம் விளைவிக்கும் என்ற கருத்தை நாயகம் (ஸல்) அவர்கள் போதித்திருக்கிறார்கள். ஓநாய் வெளியிலிருந்து வருவது. கண்ணால் பார்த்து விரட்டலாம். இந்த ஆசைகளோ உள்ளேயே குடியிருப்பவை.

இமாம் கஸ்ஸாலி விட்டுச் சென்ற நாற்காலி

இதே பாடத்தை இன்னொரு பெருமகனார் வாழ்விலும் காணலாம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் பக்தாது நிஜாமிய்யா மதரஸாவின் தலைமை ஆசிரியர். இஸ்லாமிய உலகில் அதனினும் பெரிய ஆசிரியப் பதவி அன்று இல்லை என்னலாம். 1095 ஆம் ஆண்டில் புகழின் உச்சியில் இருந்தபோது, தாம் பாடம் சொல்வது அல்லாஹ்வுக்காகவா பெயருக்காகவா என்ற கேள்வி அவர்களை வாட்டியது. நாவு எழவில்லை, உணவு இறங்கவில்லை. கடைசியில் பதவியை விட்டார்கள். தம்பியாரைப் பாடம் நடத்த அமர்த்திவிட்டு, பிள்ளைகளின் பராமரிப்புக்கு வேண்டியதை ஒதுக்கி வைத்து, எஞ்சிய செல்வத்தைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டுத் திமிஷ்கு நோக்கிப் புறப்பட்டார்கள். பைத்துல் முகத்தஸ், மக்கா, மதீனா எல்லாம் சென்று பின்னர் சொந்த ஊரான தூஸுக்குத் திரும்பினார்கள். இஹ்யாவு உலூமித்தீன் என்னும் அரிய நூல் அந்த ஓய்வுக் காலம் தந்த செல்வமாகும். 1111 ஆம் ஆண்டில் தூஸிலேயே மறைந்தார்கள்.

குடும்பத்துக்கு ஒதுக்கி வைத்த பிறகே அவர்கள் புறப்பட்டார்கள் என்பதை நாம் அடிக்கோடிட்டுக் கொள்ள வேண்டும். கஸ்ஸாலி இமாம் கைக்கு வந்த புகழை விட்டார்கள். குணங்குடியார் வரவிருந்த வாழ்வை வருமுன்னே விட்டார்கள். இருவரும் தேடியவை மூன்று: அல்லாஹ்வுக்கென ஒதுக்கிய நேரம், பிறர் கண்ணில் படாத இருப்பு, பசி தீரும் அளவுக்கு உணவு.

தொண்டியார் உறங்கும் மண்

1838 ஆம் ஆண்டில், ஹிஜ்ரி 1254 இல், மஸ்தான் சாகிபு அவர்கள் வஃபாத்தானார்கள். ஹிஜ்ரிக் கணக்கில் வயது 47. அவர்கள் வாழ்ந்த இடத்திலேயே நல்லடக்கம் செய்யப்பட்டார்கள். அவ்விடமே இன்று தர்காவாக இருக்கிறது.

அதன் பிறகு அந்தப் புதர்க்காட்டுக்கு என்ன நேர்ந்தது என்று பாருங்கள். 1856 ஆம் ஆண்டில் தென்னகத்தின் முதல் ரயில் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. 1875 ஆம் ஆண்டில் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1948 ஆம் ஆண்டில் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தோன்றிப் பின்னர் அசோக் லேலண்டு ஆயிற்று. 1950களில் திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1970களில் எண்ணூர் அனல் மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 2001 ஆம் ஆண்டில் எண்ணூருக்கும் தனித் துறைமுகம் கிடைத்தது. தனிமை தேடி ஒருவர் வந்தமர்ந்த மண், ஷிப்டு சங்கொலியும் கண்டெய்னர் லாரிகளின் இரைச்சலும் நிறைந்த பூமியாயிற்று. அந்த அனல் மின் நிலையமும் தன் காலம் முடிந்து 2017 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. இரும்பால் ஆன இயந்திரத்துக்கே ஓய்வு வருகிறது. எலும்பும் சதையுமான மனிதனுக்கு வராதா?

உழைத்தவருக்குக் கிடைக்கும் கல்வத்

சகோதரர்களே! இந்த மண்ணில் பல தலைமுறையாக மூட்டை சுமந்தவர்கள், கிரேன் ஓட்டியவர்கள், கடைசலில் நின்றவர்கள், கணக்கு எழுதியவர்கள் 58 அல்லது 60 வயதில் ஒரு மாலையுடன் வீட்டுக்கு வருகிறார்கள். கையில் பிராவிடண்டு பண்டு, கிராஜுவிட்டி. சிலருக்கு மாதாமாதம் சிறு பென்ஷன். மறுநாள் காலையில் எழுந்ததும் போக இடமில்லை என்ற திகைப்பு. நேற்று வரை பெயர் சொல்லி அழைத்தவர்கள் இன்று அழைப்பதில்லை. தான் ஒன்றுமில்லாதவனாகிவிட்டோம் என்ற ஏக்கம் பலரைத் தின்கிறது.

இந்த ஏக்கத்துக்கு மருந்துதான் தொண்டியாரின் வாழ்வு. அவர்கள் வீட்டையும் உறவையும் விலையாகக் கொடுத்து எதை வாங்கினார்களோ, அது உங்கள் வீட்டு வாசலுக்கே வந்திருக்கிறது. நேரம் வந்திருக்கிறது. யாரும் உற்றுப் பார்க்காத இருப்பு வந்திருக்கிறது. உண்ணவும் உடுக்கவும் அளவாக ஏதோ இருக்கிறது. மனைவி மக்களை விடாமலே, சுன்னத்தைக் கைவிடாமலே, கடமைகளை முடித்த பிறகு கிடைக்கும் கல்வத் இது. செல்வந்தருக்கு இந்த நேரம் கிடைப்பதில்லை. கணக்குப் புத்தகம் அவரை விடாது. புகழ் பெற்றவருக்கு இந்த மறைவு கிடைப்பதில்லை. கூட்டம் அவரை விடாது. உடல் நலம், ஓய்வு ஆகிய இரண்டு அருட்கொடைகளில்தான் மக்களில் பலர் ஏமாந்து போகிறார்கள் என்று நம் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை இவ்வேளையில் நினைவு கூர வேண்டும்.

ஆனால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? கிடைத்த ஓய்வைக் கொடுத்துவிட்டுப் பெயரைத் திரும்ப வாங்கப் பார்க்கிறோம். அலுவலகத்தில் போன நாற்காலியைப் பள்ளிவாசல் நிர்வாகத்தில் தேடுகிறோம். தேர்தல் வந்தால் பத்தாண்டு நண்பர்கள் ஸலாம் சொல்லாமல் விலகிப் போகிறார்கள். திறமையுள்ளவர் ஜமாஅத்துக்குத் தொண்டு செய்யத்தான் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் நாற்காலி கிடைக்கவில்லை என்றால் அந்தப் பள்ளிக்கே போகமாட்டேன் என்பவர் தொண்டு செய்ய வந்தவர் அல்லர். வேறு சிலர் மொத்தமாகக் கிடைத்த பணத்தை அதிக வட்டி என்ற ஆசை வார்த்தைக்குக் கொடுத்து, முதலையும் இழந்து, ஹராமையும் சுமக்கிறார்கள்.

துறைமுகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சரக்குப் பிரிவில் உழைத்த ஒரு பெரியவரை நாம் அறிவோம். இளமையில் வறுமையால் அவருக்குக் குர்ஆன் ஓதக் கிடைக்கவில்லை. ஓய்வு பெற்ற மறு வாரமே மக்தபுக்குப் போய், தம் பேரன் வயதுப் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து அலிஃப், பே என்று தொடங்கினார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். மூன்று ஆண்டுகளில் முழுக் குர்ஆனையும் பார்த்து ஓதி முடித்தார். அன்று மாலை ஒரு தட்டு பூந்தி வாங்கி அதே பிள்ளைகளுக்குக் கொடுத்தார். மாலை இல்லை, மேடை இல்லை. அவர் முகத்தில் அன்று நாம் கண்ட மலர்ச்சியை வேறெங்கும் கண்டதில்லை.

ஓய்வு பெற்றோர் கவனிக்க வேண்டியவை

ஒன்று: ஐவேளையும் ஜமாஅத்தோடு தொழும் பழக்கம். ஷிப்டு என்ற காரணம் இனி இல்லை. களாவான தொழுகைகளைக் கணக்கிட்டு, ஒவ்வொரு வக்துக்குப் பின்னும் சிறிது சிறிதாக நிறைவேற்றலாம். தஹஜ்ஜுதுக்கு எழலாம், அந்த நேரத்துக் கல்வத்தை எவரும் கெடுக்க முடியாது.

இரண்டு: கிடைத்த தொகையைப் பற்றிய மார்க்கச் சட்டங்களை உள்ளூர் ஆலிமிடம் கேட்டறிதல். கடன் இருந்தால் முதலில் அடைக்க வேண்டும். நிஸாபை எட்டி ஓராண்டு கடந்த தொகைக்கு நூற்றுக்கு இரண்டரை வீதம் ஜக்காத்து உண்டு. ஹஜ்ஜுக்குரிய வசதியும் உடல் நலமும் சேர்ந்திருந்தால் தள்ளிப் போடாமல் நிய்யத்து வைக்க வேண்டும்.

மூன்று: வஸிய்யத்து எழுதி வைத்தல். கொடுக்க வேண்டியது, வர வேண்டியது, அமானிதம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். வாரிசு அல்லாதவர்க்கும் தருமத்துக்கும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் எழுதலாம். பிள்ளைகளிடையே பின்னால் சண்டை வராமலிருக்க இதை விடச் சிறந்த ஏற்பாடில்லை.

நான்கு: வீட்டாருக்கு உதவி. இத்தனை ஆண்டுகளாக மனைவிக்கு ஓய்வே இல்லை என்பதை நாம் மறந்து விடுகிறோம். அடுப்படிக்கு ரிட்டயர்மெண்டு கிடையாது. தண்ணீர் பிடித்துக் கொடுப்பதும், பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருவதும் நல்லமல்கள்தாம். நாயகம் (ஸல்) அவர்கள் தம் வீட்டு வேலைகளில் ஒத்தாசை செய்தார்கள் என்பதை அறியாதவர் யார்?

ஐந்து: செய்வதில் ஒரு சிலவற்றையாவது ஒருவருக்கும் தெரியாமல் செய்தல். இதுதான் தொண்டியாரிடம் நாம் கற்க வேண்டிய தலையாய பாடம்.

ஜியாரத்துச் செய்வோருக்கு

இராயபுரம் பக்கம் செல்லும்போது அப்பெருமகனாரின் கப்ரை ஜியாரத்துச் செய்ய விரும்புவோர், உளுவுடன் சென்று ஸலாம் கூறி, அமைதியாக நின்று ஓதி, அவர்களுக்காகவும் நமக்காகவும் அல்லாஹ்விடமே துஆக் கேட்க வேண்டும். கொடுப்பவன் அவன் ஒருவனே. பதவி கேட்டும் பணம் கேட்டும் அவ்வாசலில் நிற்பதற்கு முன், அங்கே அடங்கியிருப்பவர் அவ்விரண்டையும் வேண்டாமென்று சொன்னவர் என்பதை ஒரு கணம் எண்ணிப் பார்ப்பது நல்லது. வெளியே லாரிகள் உறுமிக்கொண்டு போகும். அதைப் பொருட்படுத்தாமல் நம் மவுத்தை நினைத்துச் சிறிது நேரம் நின்றால், அந்தச் சில நிமிடமும் கல்வத்தே ஆகும்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நமக்குப் போதுமான ரிஸ்கையும், ஓய்வைப் பேணும் அறிவையும், முகத்துதி கலவாத அமல்களையும், ஈமானோடு கூடிய முடிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.